போன் நிமிர்ந்திருக்க, படம் படுத்திருக்க: ஐபோன் 17 முன்பக்கக் கேமரா – ஏழு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஐபோன் 17-ஐ நான் வாங்கியது அதன் முன்பக்கக் கேமராவுக்காக மட்டுமே. பின்பக்கக் கேமராவைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் போனைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், கடையில் இதைச் சொன்னபோது விற்பனையாளர் என்னிடம் இரண்டாம் முறையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஈரோட்டில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் போனிலேயே பதிவு செய்து யூடியூபில் ஏற்றுகிறேன். விடுமுறை நாள்களில் எங்கள் பகுதியில் நடக்கும் வள்ளி கும்மி என்னும் குழு ஆட்டத்தின் அரங்கேற்றங்களைப் படம் பிடிக்கிறேன். இந்த இரண்டு வேலைகளிலும் பல ஆண்டுகளாக என்னை விடாமல் துரத்திவந்த கேள்வி ஒன்றுதான்: போனை நிமிர்த்திப் பிடிப்பதா, படுக்கவைத்துப் பிடிப்பதா? 2025 செப்டம்பரில் வெளிவந்த இந்தப் போனின் முன்பக்கத்தில் சதுர வடிவச் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) இருக்கிறது என்றும், போனை நிமிர்த்திப் பிடித்தபடியே கிடைமட்டமான படத்தையும் காணொளியையும் எடுக்கலாம் என்றும் அறிந்ததும், அதுவரை தள்ளிப்போட்டுவந்த செலவைச் செய்யத் துணிந்தேன். 256 ஜிபி சேமிப்பிடம் கொண்ட அடிப்படை வகையின் அறிமுக விலை ரூ.82,900. ஒரு டியூஷன் ஆசிரியருக்கு இது சிறிய தொகை அன்று. ஆகவே அந்த ஒரு காரணத்துக்கு இந்த விலை தகுமா என்பதை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல, பழைய போன் ஒன்றோடு நேர்ந்த இழப்பைச் சொல்ல வேண்டும். என் தங்கை மகளின் முதல் வள்ளி கும்மி அரங்கேற்றம் அது. நூறு பேருக்கு மேல் ஒரே நிறச் சேலையில் வரிசை கட்டி நின்றிருந்தார்கள்; ஆசான் பாட்டெடுத்ததும் அவசரமாகப் போனை நிமிர்த்திப் பிடித்தபடியே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். சில நொடிகள் கழித்து, "அண்ணா, படுக்க வெச்சுப் புடிங்க, ஓரத்துல நிக்கிற புள்ளைங்க தெரியறதில்லீங்க" என்று தங்கை சொன்னாள். உடனே போனைத் திருப்பினேன். அதன்பின் நாற்பது நிமிடம் கை அசையாமல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில் போட்டபோது, முதல் பத்து நொடி தவிர மீதி முழுவதும் எல்லோரும் சுவரில் நடப்பதுபோலப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எண்பது வயதைக் கடந்த எங்கள் அப்பத்தா, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பேத்தி மகளைத் தேடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போன் அவ்வாறு செய்ததற்குக் காரணம் எளிமையானது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கொண்டு போன் நிமிர்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்பதைக் கண்டுகொள்கிறது. பதிவு தொடங்கும் கணத்தில் அது சொல்லும் திசை எதுவோ, அதுவே கோப்பின் தலைப்பில் ஒரு சிறு குறிப்பாக எழுதப்படுகிறது: காட்டும்போது இத்தனை பாகை திருப்பிக் காட்டு என்று. சென்சார் எப்போதும் ஒரே மாதிரிதான் படத்தைத் தருகிறது. திருப்புவது அந்தக் குறிப்பு மட்டுமே. நடுவில் நாம் போனை எத்தனை முறை திருப்பினாலும் குறிப்பு மாறுவதில்லை. இதை முன்பே அறிந்திருந்தால், அன்று பதிவை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியிருப்பேன். அப்படிப் பதிவான காணொளியைக் காப்பாற்றுவதும் கடினமன்று. ஐபோனின் போட்டோஸ் செயலியில் 2019 முதல் காணொளியையும் வெட்டித் திருப்ப முடிகிறது, முதல் பத்து நொடியை நறுக்கிவிட்டு மீதியைத் தொண்ணூறு பாகை திருப்பினால் போதும். அப்பத்தா இருந்தவரை எனக்கு அது தெரியாமல் போனதுதான் வருத்தம்.

நிமிர்ந்த படத்தைப் படுத்த திரையில் போட்டால் என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்கு ஆசிரியர் என்ற முறையில் அளந்தே சொல்கிறேன். 9:16 விகிதத்தில் எடுத்த செங்குத்துக் காணொளி, 16:9 விகிதத் தொலைக்காட்சியின் முழு உயரத்தையும் நிரப்பினாலும், அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. 81-ஐ 256-ஆல் வகுத்தால் கிடைக்கும் 31.6 விழுக்காடுதான் அதன் பங்கு. 55 அங்குலத் தொலைக்காட்சி ஏறக்குறைய 122 செ.மீ. அகலம் கொண்டது. அதில் நமது காணொளி 38 செ.மீ. பட்டையாக நடுவில் நிற்கும், இருபுறமும் கறுப்பு. மறுதலையாக, கிடைமட்டக் காணொளியை நிமிர்ந்த 9:16 திரையில் பார்த்தாலும் இதே 31.6 விழுக்காடுதான். எந்த வாக்கில் எடுத்தாலும் ஏதோ ஒரு திரையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீணாகிறது என்பதுதான் இதன் பொருள். ஆகவே 'எப்போதும் படுக்கவைத்தே எடுக்க வேண்டும்' என்று சொல்லும் பழைய தலைமுறைக் கேமராக்காரர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, 'இப்போது எல்லாமே ரீல்ஸ்தான்' என்று சொல்லும் திருமண வீட்டுத் தம்பிகளோடும் உடன்பாடில்லை. எடுக்கும் பொருள் எந்தப் பக்கம் நீள்கிறது, அதை யார் எந்தத் திரையில் பார்க்கப்போகிறார்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வள்ளி கும்மி அகலத்தில் வாழும் கலை. வள்ளி முருகன் திருமணக் கதையைப் பாட்டாகப் பாடி, ஒரே அடவில் நூறு கைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாகக் குனிவதில்தான் அதன் அழகு இருக்கிறது. கோவைப் பகுதியில் இக்கலையைப் பல தலைமுறைகளுக்குக் கற்பித்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு எங்கள் ஊர்களில் அரங்கேற்றங்கள் பெருகியிருக்கின்றன, அவற்றைப் படம் பிடிக்கும் போன்களும் பெருகியிருக்கின்றன. ஆனால் அந்தப் பதிவுகளில் பெரும்பான்மை செங்குத்தானவை. மூன்று பெண்கள் ஆடுவது தெரிகிறது; வரிசை தெரிவதில்லை, வட்டம் தெரிவதில்லை, மேலே பாதிப் படத்துக்கு இருண்ட வானமும் கீழே கால்பங்குக்குத் தரையும் தெரிகின்றன. இருபது ஆண்டுகள் கழித்து இந்த அடவுகளைக் கற்க விரும்பும் ஒருவருக்கு அந்தப் பதிவுகளால் பயன் மிகக் குறைவு. இதற்கு மாறாக, திருவரங்கத்து ராஜகோபுரம் 236 அடி உயரமும் 13 நிலைகளும் கொண்டது. அதன் அடியில் நின்று போனைப் படுக்கவைத்து எடுப்பவர் கடை வரிசையையும் வண்டிகளையும்தான் எடுத்துக்கொண்டு வருவார். அதற்கு நிமிர்ந்த படமே பொருத்தம். சில பொருள்கள் நம்மை ஏமாற்றவும் செய்யும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பாம்பன் புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழுவதைப் பார்க்கப் போயிருந்தேன். 'மேலே எழுகிறது' என்ற சொல்லைக் கேட்டே என் அருகில் நின்ற எல்லோரும் போனை நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். எழும் அந்தப் பகுதியின் நீளமோ 72.5 மீட்டர், அது எழும் உயரமோ 17 மீட்டர். நான்கு மடங்குக்கு மேல் அகலமான ஒன்றை அவர்கள் நிமிர்ந்த சட்டத்துக்குள் அடைக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் கை நிமிர்ந்த வாக்கைத்தான் நாடுகிறது என்பதை மறுக்க முடியாது. போன் ஒரு கையில் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். பெருவிரல் எட்டும் இடத்தில் பொத்தான், உள்ளங்கையில் எடை. படுக்கவைத்தால் இரண்டு கை வேண்டும், நழுவும் அச்சமும் கூடவே வரும். செயலிகளும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கின்றன. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்ட சில வாரங்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கு வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் முதல் சோதனையும் இந்தியாவில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து நிமிர்ந்த சட்டம் நம் வீடுகளில் இயல்பானதாகிவிட்டது. இந்த வழக்கு போனோடு பிறந்ததும் அன்று. ஒலிப்படம் வந்த புதிதில் அகலத்திரை பற்றிய விவாதம் எழுந்தபோது, 1930-இல் ஹாலிவுட்டுக்கு வந்திருந்த சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசென்ஸ்டைன், திரை சதுரமாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார்: சதுரத்துக்குள்தான் நிமிர்ந்த படத்துக்கும் படுத்த படத்துக்கும் சம உரிமை உண்டு என்பது அவர் நிலைப்பாடு. திரையரங்குகள் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் அந்தச் சதுரம் ஒரு போனின் முன்பக்கத்தில் கடுகளவு கண்ணாடிக்குப் பின்னால் வந்து அமர்ந்திருப்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி அந்தக் கேமராவைப் பற்றி. இதுவரையிலான ஐபோன்களின் முன்பக்கச் சென்சார் 4:3 விகிதத்தில், அதன் நீண்ட பக்கம் போனின் நீண்ட பக்கத்தோடு ஒத்திருக்குமாறு பொருத்தப்பட்டிருந்தது. போனை நிமிர்த்தினால் நிமிர்ந்த படம், படுக்கவைத்தால் படுத்த படம், வேறு வழியில்லை. ஐபோன் 17-இன் முன்பக்கச் சென்சார் சதுரமானது. அந்தச் சதுரத்துக்குள்ளிருந்து நிமிர்ந்த செவ்வகத்தையும் வெட்டியெடுக்கலாம், படுத்த செவ்வகத்தையும் வெட்டியெடுக்கலாம், இரண்டும் ஒரே நுணுக்கத்தில் கிடைக்கும்; புகைப்படத்தில் அது 18 மெகாபிக்சல் வரை. முன்பு 12 மெகாபிக்சலாக இருந்தது. திரையில் தெரியும் ஒரு சிறு குறியைத் தொட்டால் சட்டம் நிமிர்ந்ததிலிருந்து படுத்ததாக மாறுகிறது, கை அசையத் தேவையில்லை. இந்த வசதிக்கு ஆப்பிள் வைத்திருக்கும் பெயர் சென்டர் ஸ்டேஜ். புகைப்படம் எடுக்கும்போது, சட்டத்துக்குள் வரும் முகங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தானாகவே பார்வைக்கோணத்தை விரிக்கவும் சட்டத்தைத் திருப்பவும் இரண்டு தெரிவுகள் உண்டு. தேவையில்லாதபோது அவற்றை நிறுத்திவைக்கலாம். பின்னணியில் கோபுரமோ மரமோ வேண்டும் என்று நான் முடிவு செய்து நிற்கும்போது நிறுத்திவைக்கிறேன், உறவினர் கூடிய இடத்தில் திறந்துவிடுகிறேன்.

உறவினர் கூடிய இடத்தில்தான் இதன் பயன் முழுமையாக விளங்கியது. தைப் பொங்கலுக்குப் பெருந்துறை அருகே எங்கள் அப்பிச்சி வீட்டுத் திண்ணையில் பதினொரு பேர் கூடியிருந்தோம். வழக்கமாக இப்படிப் படம் எடுக்கும்போது, நெட்டையான ஒருவரின் கையில் போனைக் கொடுத்து, அவர் அதைப் படுக்கவைத்து, ஓரத்து விரல்களால் பிடித்துக்கொண்டு பொத்தானை எட்ட முயல்வதற்குள் இரண்டு பேர் கண் மூடியிருப்பார்கள். இம்முறை ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்தபடி எடுத்தேன். பதினொரு பேரும் படத்துக்குள் இருந்தார்கள். அதைவிட முக்கியமாக, பதினொரு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. முன்பக்கக் கேமரா போனின் மேல்நுனியில் இருக்கிறது. போனைப் படுக்கவைத்ததும் அந்த மேல்நுனி இடப்பக்கமோ வலப்பக்கமோ போய்விடுகிறது. நாம் திரையின் நடுவில் நம் முகத்தைப் பார்க்கிறோம், கேமராவோ ஓரத்திலிருந்து நம்மைப் பார்க்கிறது, எனவே படத்தில் எல்லோரும் யாரோ பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதுபோல் இருக்கும். போன் நிமிர்ந்தே இருக்கும்போது கேமரா நமக்கு நேர்மேலே இருப்பதால் அந்தப் பக்கவாட்டுப் பார்வை மறைகிறது. குறையாக ஒன்றைச் சொல்லலாம்: நிமிர்ந்த திரைக்குள் படுத்த சட்டம் சிறியதாகத்தான் தெரியும், கண்ணாடி அணிபவர்கள், யார் கண் மூடியிருக்கிறார்கள் என்று எடுத்த பிறகு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாடம் எடுக்கும் வேலையில் இதைவிடக் கூடுதலான பயனைக் கண்டேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசும் பாடத்துக்குக் கிடைமட்டச் சட்டம் வேண்டும். அப்போதுதான் பலகையின் முழு அகலமும் தெரியும். அதே பாடத்திலிருந்து ஒரு சூத்திரத்தை மட்டும் ஷார்ட்ஸாகப் போட வேண்டுமென்றால் நிமிர்ந்த சட்டம் வேண்டும், ஏனெனில் 2024 அக்டோபர் 15 முதல் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்றாலும், அது சதுரமாகவோ செங்குத்தாகவோ இருந்தால்தான் அந்த வரிசையில் சேரும். முன்பு தாங்கியில் மாட்டிய போனை ஒவ்வொரு முறையும் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். மாட்டியபின் தாங்கியின் தலை சாயும், பலகையின் மேல்விளிம்பு சரிந்து தெரியும், மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். இப்போது தாங்கியைத் தொடுவதே இல்லை. பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எந்தச் சட்டம் என்று முடிவு செய்துகொண்டு, குறியைத் தொட்டுவிட்டு, பிறகு பதிவைத் தொடங்குகிறேன். திரையில் என்னையே பார்த்துக்கொண்டு எடுப்பதால் பலகை ஓரம் வெட்டுப்படுகிறதா என்பதும் உடனே தெரிகிறது. முன்பக்கக் கேமரா 4கே நுணுக்கத்தில், எச்.டி.ஆர். (வெளிச்சமும் நிழலும் ஒருசேரத் துலங்கும்) வண்ணத்தோடு, அசைவைச் சமன்செய்து பதிவு செய்கிறது. நான் எழுதும் சுண்ணக்கோடு மெல்லியதாக இருந்தாலும் பின்வரிசைப் பிள்ளை போனில் படிக்கும் அளவுக்குத் துலக்கமாக வருகிறது.

4கே பற்றி ஒரு கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் போனை வாங்க முடியாதவர்களுக்கும் அது உதவும். 4கே கிடைமட்டக் காணொளியின் அளவு 3840×2160 பிக்சல். அதன் நடுவிலிருந்து முழு உயரத்துக்கு ஒரு 9:16 பட்டையை வெட்டினால் 1215×2160 கிடைக்கும். ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் வழக்கமாகத் தேவைப்படுவது 1080×1920. ஆக, 4கே-யில் படுக்கவைத்து எடுத்த ஒரே காணொளியிலிருந்து, தரம் குறையாமல் நிமிர்ந்த காணொளியையும் பெற்றுவிடலாம். ஆனால் 1080 நுணுக்கத்தில் எடுத்துவிட்டு அதையே செய்ய முயன்றால் 607×1080 மட்டுமே மிஞ்சும். அதை இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மெழுகுபோல் ஆகிவிடும். 4கே பதிவு இடத்தைத் தின்னும் என்பது உண்மை: ஐபோனில் நொடிக்கு 30 பிரேம் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி, 1080-இல் ஏறக்குறைய 60 எம்பி. நாற்பது நிமிட அரங்கேற்றத்துக்கு 7 ஜிபி அளவு ஆகும். திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சிக்கு அந்த இடத்தை நான் மனமாரக் கொடுப்பேன்.

முன்பக்கக் கேமராவும் பின்பக்கக் கேமராவும் ஒரே நேரத்தில் பதிவாகும் வசதியும் உண்டு. ஆட்டத்தைப் பின்பக்கத்திலும், அதைப் பார்க்கும் தாயின் முகத்தை முன்பக்கத்திலும் சேர்த்துப் பிடிக்கலாம். ஆனால் சிறிய படம் பெரிய படத்தின் மேல் ஒட்டப்பட்டு ஒரே கோப்பாகத்தான் சேமிக்கப்படுகிறது. போனோடு வரும் கேமரா செயலியில் இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பிறகு வேண்டியவாறு தொகுக்க வழியில்லை. ஆவணப்படுத்தும் நோக்கில் படம் எடுக்கும் எனக்கு இது பெரிய குறை. வீட்டு விழாக்களுக்குப் போதும்.

இப்போது இந்தப் போனில் இல்லாததைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு வாங்குகிறார்கள். சதுரச் சென்சார் முன்பக்கத்தில் மட்டுமே. 48 மெகாபிக்சல் கொண்ட பின்பக்கக் கேமராக்கள் இரண்டும் பழைய ஒழுங்கிலேயே இருக்கின்றன. அவற்றில் கிடைமட்டக் காணொளி வேண்டுமென்றால் போனைப் படுக்கவைத்தே ஆக வேண்டும். வள்ளி கும்மியை நான் எடுப்பது பின்பக்கக் கேமராவில். கோயில் திருவிழா, பிள்ளைகளின் ஆண்டு விழா, மாட்டுச் சந்தை, மழை என்று நாம் அக்கறையோடு எடுக்கும் எல்லாமே பின்பக்கத்தில்தான் எடுக்கப்படுகின்றன. நம் முகத்தை எடுக்கும்போது கிடைத்த விடுதலை, உலகத்தை எடுக்கும்போது கிடைக்கவில்லை.

ஏன் பின்பக்கத்திலும் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு வடிவியலே ஒரு விடை தருகிறது. லென்ஸ் தரும் படம் வட்டமானது. சென்சார் அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும். 8 மி.மீ. அகலமும் 6 மி.மீ. உயரமும் கொண்ட 4:3 சென்சாரின் மூலைவிட்டம் 10 மி.மீ., எனவே 10 மி.மீ. வட்டம் போதும். அதே 8 மி.மீ. அகலத்தை இரு வாக்கிலும் தரும் சதுரம் வேண்டுமென்றால் 8×8. அதன் மூலைவிட்டம் 11.3 மி.மீ. வட்டம் 13 விழுக்காடு பெரிதாக வேண்டும், சென்சாரின் பரப்போ 48-இலிருந்து 64 சதுர மி.மீ. ஆகிவிடும். சிறிய முன்பக்கக் கேமராவில் இந்தக் கூடுதலைத் தாங்கலாம். பின்பக்கத்துச் சென்சார் ஏற்கெனவே பெரியது. அதைச் சதுரமாக்கினால் லென்ஸ் அகலும், தடிக்கும், போனின் முதுகில் இப்போதே துருத்திக்கொண்டிருக்கும் மேடு இன்னும் உயரும். முடியாத காரியம் என்று சொல்லவில்லை; விலையும் தடிமனும் அதற்குத் தடையாக நிற்கின்றன.

வேறு வழிகளை முயன்றவர்களும் உண்டு. 2019-இல் வந்த மோட்டோரோலா ஒன் ஆக்‌ஷன் போனில், காணொளிக்கென்றே ஒரு அகலக்கோணக் கேமராவைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் கிடைமட்டக் காணொளி வரும். பின்பக்கத்திலேயே இதைச் செய்து காட்டிய அந்த எண்ணம் தொடராமல் போனது எனக்கு வருத்தமே. 2022-இல் வந்த கோப்ரோ ஹீரோ 11 பிளாக் கேமராவின் சென்சார் 8:7 விகிதத்தில், ஏறத்தாழச் சதுரமாக இருந்தது. முழுச் சட்டத்தையும் பதிவு செய்துகொண்டு, நிமிர்ந்ததா படுத்ததா என்பதைத் தொகுக்கும்போது முடிவு செய்யலாம். ஆவண நோக்கில் பார்த்தால் அதுதான் சிறந்த முறை. போன்களின் பின்பக்கத்துக்கும் அது வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

மேசைமேல் நோட்டை வைத்து, மேலிருந்து கீழ் நோக்கி எடுப்பவர்களுக்கு ஒரு சொல். போன் தரைக்கு இணையாக இருக்கும்போது புவியீர்ப்பு திரைக்குச் செங்குத்தாக இழுப்பதால், எந்தப் பக்கம் மேல் என்பதை எந்தப் போனின் முடுக்கமானியாலும் தெளிவாக அறிய முடியாது. தலைகீழாகவோ பக்கவாட்டிலோ பதிவாவது அதனால்தான். கோலம் போடுவதையும் சமைப்பதையும் எடுப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். முதலில் போனை நேராக நிமிர்த்தி, வேண்டிய வாக்கில் பிடித்து, திரையிலுள்ள குறிகள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு மெதுவாகக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பதிவைத் தொடங்க வேண்டும். திரைச் சுழற்சியைப் பூட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஐபோனில் அந்தப் பூட்டு திரைக்குத்தான், கேமரா பதிவுக்கு அன்று. அமைப்புகளில் கேமரா பகுதிக்குள் மட்டம் காட்டும் கோட்டைத் திறந்துவைத்துக்கொண்டால் மேலிருந்து எடுக்கும்போதும் சாய்வு தெரியும்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், தனியாக நின்று தன்னையே படம் பிடித்துப் பாடம் எடுப்பவர்கள், சமையல் சொல்பவர்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு குடும்பமாகக் காணொளி அழைப்பில் பேசுபவர்கள் ஆகியோருக்குத் தயங்காமல் சொல்வேன். அழைப்பின்போதும் இந்தக் கேமரா பேசுபவரைச் சட்டத்தின் நடுவிலேயே வைத்துக்கொள்கிறது. என் அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே பேசுகிறார். இதே முன்பக்கக் கேமராவுக்காக இன்னும் விலை கூடிய ஐபோன் ஏரையோ 17 ப்ரோவையோ நாட வேண்டியதில்லை. மூன்றிலும் முன்பக்கத்தில் இருப்பது அதே சதுரச் சென்சார். விழாக்களையும் கலைகளையும் பதிவு செய்வதுதான் முதன்மை வேலை என்றால், இந்த வசதிக்காக மட்டும் ரூ.82,900 செலவிட வேண்டாம். இருக்கும் போனையே 4கே-யில் வைத்து, ஒரு நல்ல தாங்கி வாங்கி, படுக்கவைத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

வரும் வைகாசியில் தங்கை மகளுக்கு மறுபடியும் ஓர் அரங்கேற்றம் இருக்கிறது. பின்பக்கக் கேமராவில், கிடைமட்டமாக, மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஓர் ஆள் உயரத் தாங்கியில் போனை மாட்டி, ஆசான் பாட்டெடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிடப்போகிறேன். முடிந்த பிறகு பிள்ளைகளோடு ஒரு படம் எடுக்கும்போதுதான் முன்பக்கத்துக்கு வேலை.